ஜனவரிக்குப் போட்ட பூஜ்யம்

வேலையில் இருந்த காலத்தில் கல்யாண வீடுகளில் யாராவது "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால் நான் உண்மையைத்தான் சொல்வேன். "தேதி செய்யுறேன்." பக்கத்து நாற்காலிக்காரர் உடனே முகம் மலர்ந்து, "அப்படியே நம்ம பொண்ணுக்கும் ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லுங்களேன்" என்பார். அது வேறு தேதி என்று விளக்க ஆரம்பித்தால் பாயசம் ஆறிவிடும். அதனால் பெண்ணின் நட்சத்திரத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு இலையைக் கவனிப்பேன்.

இப்போது ஓய்வு பெற்று, திருமுல்லைவாயிலில் இரண்டாம் மாடி வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து மூன்று பேர் ஸ்வீட் பெட்டியோடு வந்தார்கள். கம்பெனி மலர் போடுகிறார்களாம், கட்டுரை வேண்டுமாம். அவர்களில் நித்யா என்ற பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். "மேடம், இப்பல்லாம் புரோகிராம் கோடு நாங்க எழுதுறதே கம்மி. கேட்டா மெஷினே எழுதிக் குடுத்துடுது. ஆனா தேதின்னு வந்தா அதுவும் நீங்க எழுதி வெச்ச குட்டிப் புரோகிராம, உங்க ஃபங்ஷனத்தான் கூப்பிடுது. மாசத்துக்குப் பூஜ்யம் குடுத்தா முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுது. அது ஏன் அவ்ளோ கோவக்காரியா இருக்குன்னு எழுதுங்க."

எழுதியவள் கோபக்காரி, அதனால்தான் என்று சொன்னேன். சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைத்து அடக்கமாக எழுத எனக்கு வராது, வயதும் இல்லை.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பது என் பெயரைக் கேட்டாலே தெரியும், கோமதி. நானும் அண்ணன் சங்கரனும் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். அண்ணன் அப்பா வழியே தொழிற்சாலைக்குள் போய் லேத்தில் நின்றார். நான் கணக்கில் பட்டம் வாங்கி, கரையான்சாவடியில் ஒரு மிட்டாய்க்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் வரைபடம் போடும் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். முதல் சில வருஷம் காகித வரைபடத்தை மேஜையில் விரித்து, ஏரி, வாய்க்கால், ரோடு என்று இருக்கும் கோட்டின் மேலேயே கோடு இழுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. கழுத்துவலிதான் மிச்சம். பிறகு செயற்கைக்கோள் படங்கள் வந்தன, நான் புரோகிராம் எழுதும் பக்கம் போய்விட்டேன். பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

செயற்கைக்கோள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும். ஒரு சின்ன ஏரிக்கே ஏகப்பட்ட படங்கள் சேர்ந்து கிடக்கும். அதில் நமக்கு வேண்டியதைக் கேட்க இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: எந்த இடம், எந்தக் காலம். இடத்தை எல்லாரும் கவனமாகச் சொல்லிவிடுவார்கள். தப்பினால் ஆவடிக்குப் பதில் வங்காள விரிகுடா வந்து நிற்கும், குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். காலம் தப்பினால் அப்படித் தெரியாது. அதே ஏரி, அதே கரை, அதே பனைமரம். தண்ணீர் மட்டும் வேறொரு நாளின் தண்ணீர்.

இந்த வேலைக்கென்றே லைப்ரரிகள் உண்டு. யாரோ எழுதி வைத்த ஆயத்தப் புரோகிராம்களின் தொகுப்பைத்தான் எங்கள் தொழிலில் அப்படிச் சொல்வோம். கம்ப்யூட்டருக்கு ஜனவரியும் தெரியாது, தை மாதமும் தெரியாது. என்றைக்கோ தொடங்கி ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நீளமான எண் மட்டும்தான் தெரியும். நாம் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண்களைக் கொடுத்தால் லைப்ரரி அதை அந்த நீள எண்ணாக்கிப் பொட்டலம் கட்டித் தரும். தேதி செய்வது என்றால் இதுதான். கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் ஏகாம்பரம் சாரிடம் வேலைக்குச் சேரும்வரை அப்படித்தான் தோன்றியது.

ஏகாம்பரம் சார் எங்கள் பிரிவுக்குத் தலைவர். நில அளவையில் சங்கிலி பிடித்து வேலை பார்த்துவிட்டு வந்தவர். செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் வருவார். உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. தப்பு கண்டால் திட்ட மாட்டார், "ம், மேலே" என்பார். அந்த "மேலே" வந்தால் நாம் ஏதோ ஒரு குழியைத் தாண்டி வந்துவிட்டோம், திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதற்கு நாலு வார்த்தை திட்டு வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

அவர் கேட்கும் கேள்விகள் மாறவே மாறாது. "யாரோட கடிகாரம்? எப்பலேர்ந்து? கடைசி நாள் உள்ளயா, வெளியயா?" கடிகாரம் என்றால், செயற்கைக்கோள் தன் நேரத்தை லண்டன் பக்கத்துக் கணக்கில் வைத்திருக்கும், நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கடைசி நாள் என்பது இன்னொரு சங்கதி. நாங்கள் பயன்படுத்திய லைப்ரரியில் தொடக்க நாள் கணக்கில் சேரும், முடிவு நாள் சேராது. கல்யாண மண்டபத்தை ஒப்படைக்கிற நாளில் நாம் விருந்து வைக்க முடியாதல்லவா, அதுபோல. ஜனவரி முழுக்க வேண்டுமென்றால் ஜனவரி ஒன்றில் தொடங்கி பிப்ரவரி ஒன்றில் முடிக்க வேண்டும். பிப்ரவரி ஒன்றாம் தேதிப் படம் உள்ளே வராது.

ஆரம்பத்தில் எனக்கு இதெல்லாம் வெட்டிப் பேச்சாகத்தான் பட்டது. ஒரு தடவை மழை அளவையும் வெள்ளப் படத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் வேலை. கணக்கில் ஏராளமாய் மழை பெய்த தேதியில் படத்தில் தண்ணீரே இல்லை, மறுநாள்தான் இருந்தது. இயந்திரக் கோளாறு என்று நான் முடிவுகட்டிவிட்டேன். சார் கேட்டார், "மழையோட நாள் எப்ப விடியுது?" மழை அளப்பவர்களுக்கு ஒரு நாள் என்பது காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டரைக்கு முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மழையை எந்த நாளின் பேரில் எழுதுகிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாள் என்ற ஒன்று தானாக வானத்தில் தொங்கவில்லை, யாரோ ஒருவர் முடிவு செய்ததுதான் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். அந்த வேலை முடிந்ததும் பிரிவில் தேதி சம்பந்தமான எல்லாவற்றையும் சார் என்னிடம் தள்ளிவிட்டார். பதவி உயர்வு கிடைத்த மாதிரி வீட்டில் கேசரி கிண்டினேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. அதற்குப் பெயர் வாசிப்பு. ஒரு வரைபடம் வெளியே போவதற்கு முன்னால் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் புரோகிராம் செய்த தேதியை எடுத்து, அதனிடமே நீ யார் என்று கேட்டு, அது சொல்வதை நம் நேரத்தில் மாற்றி உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர், அந்தக் காலத்துக்குள் விழுந்த படங்களின் தேதிகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் தாங்கள் எழுதிய வரியைப் பார்த்துப் படிப்பார்கள். "குடுத்தத வாசிக்காதப்பா, வந்தத வாசி" என்பார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் பஜனை செய்வதுபோல் இருக்கும். பக்கத்துப் பிரிவில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

பெருமழை வந்து ஊரே மூழ்கி எழுந்த பிறகு, ஏரிகளின் எல்லையைக் கல் நட்டு உறுதிசெய்யும் வேலைகள் நடந்தன. அதில் கள்ளிக்குப்பத்தை ஒட்டிய ஒரு சின்ன ஏரி எங்களிடம் வந்தது. வேலை கொடுத்த அலுவலகமும் ஏரியின் பெயரும் இங்கே வேண்டாம். விதிமுறை தெளிவாக இருந்தது. மழை நின்று, உபரித் தண்ணீர் வடிந்து, ஏரி இயல்பாக நிறைந்து நிற்கும் மாதம் ஜனவரி. அந்த மாதத்துப் படங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் எந்த இடம் தண்ணீராகத் தெரிகிறதோ அது ஏரி. அதற்குள் இருக்கும் வீடுகள் காலி செய்யப்பட வேண்டும்.

அந்தச் சமயம் நான் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தேன். சாருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை, வீட்டில் இருந்தார். அவசரம் என்று மேலிடம் நெருக்க, பிரபு என்ற பையன் வரைபடத்தைப் போட்டு அனுப்பிவிட்டான். பையன் என்று சொன்னாலும் முப்பதைத் தாண்டியவன், இணையதளங்கள் கட்டும் கம்பெனியிலிருந்து எங்களிடம் வந்தவன், கெட்டிக்காரன். இரண்டு பேர் இல்லாததால் வாசிப்பு நடக்கவில்லை.

நான் ஊரிலிருந்து திரும்பிய அன்றே அண்ணன் போன் செய்தார். தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பணத்தில் அந்த ஏரிப் பக்கத் தெருவில்தான் கடைசி வீட்டை வாங்கியிருந்தார்.

"கோமு, எங்க தெருவுல வீட்டுக்கு வீடு செவுத்துல செவப்பு பெயின்ட்ல நம்பர் போட்டுட்டுப் போறாங்க. மொத்தத் தெருவும் ஏரிக்குள்ள இருக்காம். காலி பண்ணணுமாம். மேப்பு உங்க கம்பெனி போட்டதாமே?"

எனக்கு முதலில் வந்தது அண்ணன் மேல் கோபம்தான். "ஏரிக்கரையில வாங்காதீங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். இப்ப மேப்ப சொல்லி என்ன பண்றது?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். எங்கள் கம்பெனி வரைபடம் தப்பாகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவுக்குப் போனேன். ஆட்டோ ஓட்டும் தில்லிபாபு, என் அண்ணன் வீட்டுக்கு எதிர்வீடு. என்னைப் பார்த்ததும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னாக்கா, நீயே மேப்பு போட்டு நீயே எங்கள தொரத்துறியா? எங்கம்மா காலத்துலேர்ந்து இங்க கீறோம். ஏரி எங்க கீது, ஊடு எங்க கீதுன்னு எங்களுக்குத் தெரியாதா? சாமானெல்லாம் தூக்கிகினு எங்கக்கா போறது?"

அவர் மனைவி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தில்லிபாபு பேசியதைவிடக் கஷ்டமாக இருந்தது. தெரு முனையில் கம்பத்தில் அந்த வரைபடத்தின் நகலைக் கட்டியிருந்தார்கள். நீல நிறம் ஏரியிலிருந்து வழிந்து வந்து தெருவை முழுக்க மூடி, பிள்ளையார் கோவிலையும் தாண்டி நின்றது. கீழே எங்கள் கம்பெனி முத்திரை. அதற்குப் பக்கத்தில், ஜனவரி மாதத்து நிலை என்று எழுதியிருந்தது.

ஜனவரி என்ற அந்த எழுத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்த வருஷப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். தெருப் பெண்கள் எல்லாரும் வீடுகளுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் வரிசையாகப் பானை வைத்தார்கள். நான் புதுப்புடவையை மண்ணில் புரளவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து கரும்பு கடித்தேன். வரைபடத்தின்படி நான் உட்கார்ந்திருந்தது நடு ஏரியில். தில்லிபாபுவிடம், "கொஞ்சம் பொறுங்க தம்பி, எனக்கு ஒரு தேதிய பாக்கணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீடு போகிறது என்கிறோம், இந்த அம்மா காலண்டர் பார்க்கிறேன் என்கிறாளே என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் பிரபுவின் புரோகிராமைத் திறந்து, அது செய்த தேதியிடம் நீ யார் என்று கேட்டேன். முந்தைய ஆண்டு, டிசம்பர் ஒன்று என்றது. முடிவு நாளைக் கேட்டேன். ஜனவரி ஒன்று என்றது. வெள்ளம் வந்த அதே டிசம்பர். மாதம் முழுக்க, ஒரு நாள் பிசகாமல்.

பிரபுவைக் கூப்பிட்டேன். "மேடம், நான் ஜனவரின்னுதான் குடுத்தேன், பாருங்க" என்று திரையைக் காட்டினான். மாதம் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தான். அவன் முன்பு வேலை பார்த்த இணையதள மொழியில் மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். அங்கே ஜனவரி பூஜ்யம், பிப்ரவரி ஒன்று, டிசம்பர் பதினொன்று. பத்து வருஷம் எண்ணிய விரல் அப்படியே எண்ணியிருக்கிறது. நாங்கள் அப்போது வெளியிலிருந்து வாங்கிப் பயன்படுத்திய லைப்ரரியிலோ ஜனவரி ஒன்றுதான். பூஜ்யம் என்று ஒரு மாதம் கிடையாது. கிடையாது என்று சொல்லித் தொலைத்திருந்தால் வம்பில்லை. அது மரியாதைக்காரப் பிள்ளையாக, ஒன்றுக்கு முந்தியது பூஜ்யம், ஜனவரிக்கு முந்தியது டிசம்பர் என்று ஒரு மாதம் பின்னால் போய், கேட்காத தேதியைச் செய்து சத்தமில்லாமல் கையில் கொடுத்துவிட்டது.

சாருக்கு போன் செய்தேன். கறுப்புக் கண்ணாடியோடு மத்தியானமே வந்துவிட்டார். செருப்பை வெளியே விட்டார், உட்கார்ந்தார், கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டார். "வாசி" என்றார். வந்ததை வாசித்தேன். அவர் இந்த முறை "மேலே" என்று சொல்லவில்லை. எழுந்து போய், வேலை கொடுத்த அதிகாரிக்கு போன் செய்து, "எங்க வரைபடம் தப்பு. நாங்களே சொல்றோம். திருப்பி எடுத்துக்குறோம், கல்லு நடாதீங்க" என்றார். அவ்வளவுதான். இயந்திரம் என்றோ பையன் புதியவன் என்றோ ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து, கம்பெனி பேரென்ன ஆவது, அடுத்த வேலை வருமா என்று குதித்தார்கள். சார் அவர்களுக்கும் மோர் வாங்கி வரச் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்து, "உங்க அண்ணன் வீடு அந்தத் தெருவுலதானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார்."

"நாளைக்கு அந்த அதிகாரி வந்தா அதத்தான் முதல்ல கேப்பாரு. அதனால வேற யாரையாவது போடச் சொல்லவா?"

எனக்குச் சுருக்கென்றது. "தேதி என் வேலை சார். நானே போடுறேன். பிரபு வாசிக்கட்டும்" என்றேன். அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் வாங்கிய எந்தச் சான்றிதழோடும் வைத்துப் பேச மாட்டேன்.

மாதத்துக்கு ஒன்று போட்டு, நம் கடிகாரத்தைச் சொல்லி, ஜனவரி ஒன்று முதல் பிப்ரவரி ஒன்று வரை தேதிகளைச் செய்தேன். படங்களைப் பொறுக்கி, தண்ணீரை எண்ணி, வரைபடம் திரையில் விரிந்தது. நீலம் தெருவை விட்டு இறங்கிப் போய்விட்டது. பிள்ளையார் கோவில் கரையேறியது, தில்லிபாபு வீடு கரையேறியது, பொங்கல் வைத்த இடம் காய்ந்து கிடந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் தெருக் கடைசியைப் பார்த்தேன். நிலம் அங்கே கொஞ்சம் சரியும். ஒரே ஒரு வீட்டின் பின்பக்கத்தில் மட்டும் நீலம் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டுச் சமையலறை.

கிட்டே பெரிதாக்கிப் பார்த்தேன். காய்ந்திருந்த படங்களைவிட ஒரே ஒரு படம் கூடுதலாக அங்கே தண்ணீர். பிரபுவும் பார்த்துவிட்டான். தன்னால் வந்த வினைதானே என்று அவனுக்கு உறுத்தல் வேறு. குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மேடம், பிப்ரவரி ஒண்ணுலயும் ஒரு படம் இருக்கு. அதுல அந்த இடம் காஞ்சுதான் இருக்கு. முடிவு நாள ஒரே ஒரு நாள் தள்ளிக் குடுத்தா அது உள்ள வந்துடும். சரிபாதி ஆயிடும், கிச்சன் தப்பிச்சுடும். யாரு கேக்கப் போறா?"

அவன் சொன்னது தொழில்படி சின்ன விஷயம். ஓர் எண்ணை மாற்றினால் போதும். மாற்றினால் சமையலறை மட்டுமா தப்பும், அண்ணி முகத்தில் நான் தைரியமாக விழிக்கலாம். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஒரு நாளை உள்ளே விட்டால் அது ஜனவரி இல்லை. பிரபு அறியாமல் செய்த காரியத்தை நான் அறிந்தே செய்தவளாவேன். அப்புறம் தில்லிபாபு வீடு கரையில் இருக்கிறது என்று நான் சொன்னால் அதை யார் நம்புவது? "கடைசி நாள் வெளிய பிரபு. வெளியவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

அடுத்த நாள் அந்த அதிகாரி வந்தார். சார் சொன்னபடியே, உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார். "மேடத்தோட சொந்தக்காரங்க அந்தத் தெருவுல இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். திடீர்னு தேதி மாறினா நாங்க என்ன நெனைக்கிறது?"

சார் பிரபுவைப் பார்த்து, "வாசி" என்றார். பிரபு முதலில் பழைய வரைபடத்தின் தேதியை அதன் வாயாலேயே சொல்லவைத்து வாசித்தான். தன் பேரைச் சொல்லித்தான் வாசித்தான். பிறகு புதியது. ஒவ்வொரு படமாகத் தேதியைப் படித்து, படத்தைத் திறந்து காட்டினான். அதிகாரி சந்தேகக்காரர், ஆனால் நியாயமானவர். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"இதுல உங்க அண்ணன் வீடு எது?"

நான் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தேன். தெரு முழுக்க வெள்ளையாக இருக்க, நீலம் நக்கிய ஒரே வீட்டின் மேல் என் விரல் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துப் புது வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். ஏகாம்பரம் சார் மெதுவாக, "ம், மேலே" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பாராட்டாக நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

அந்த வாரமே உட்கார்ந்து எங்களுக்கென்று தேதி செய்யும் ஃபங்ஷனை எழுதினேன். யாருடைய கடிகாரம் என்று சொல்லாவிட்டால் அது தேதி செய்யாது. மாதத்துக்குப் பூஜ்யம் கொடுத்தால், பதின்மூன்று கொடுத்தால், பிப்ரவரிக்கு முப்பது கொடுத்தால், சரிக்கட்டிக்கொண்டு போகாமல் அப்படியே நின்று மறுக்கும். வெளியூர் லைப்ரரிகள் எத்தனையோ வந்தன, போயின. என் ஃபங்ஷனை யாரும் நீக்கவில்லை. பிரபு இன்று அந்தப் பிரிவின் தலைவன். வாசிப்பை ஒரு நாளும் விட்டதில்லை என்று நித்யா சொன்னாள்.

தெருவில் சிவப்பு எண்களை வெள்ளையடித்து மறைத்தார்கள். தில்லிபாபு என்னைத் தன் ஆட்டோவில் ஏற்றி, திருமுல்லைவாயில்வரை கொண்டுவந்து விட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். அண்ணன் வீட்டில் மட்டும் சமையலறையை இடித்தார்கள். கல் நட்டார்கள். அண்ணி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். "ஊரு ஊட்டயெல்லாம் காப்பாத்துனவளுக்கு அண்ணன் ஊட்டு அடுப்புதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்று சொந்தத்தில் எல்லாரிடமும் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்னறையை மறித்து அடுப்பு வைத்து, புகையில் சமைத்தவர் அவர். அண்ணனும் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. லேத்தில் நின்றவர், சரியாகச் செய்த வேலைக்குக் குறை சொல்ல முடியாமல் இருக்கிறார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் வலித்தது.

அப்புறம் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன், ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எல்லாம் பிடித்துப்போய் காபியும் குடித்த பிறகு, மாப்பிள்ளையின் மாமா இழுத்தார். "தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தெருவே ஏரிக்குள்ள இருக்கு, என்னிக்கு வேணா இடிப்பாங்கன்னு வெளிய பேசிக்கிறாங்க. நாளைக்குப் பொண்ணு பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கணுமில்ல?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாங்க" என்று அவரைப் பின்பக்கம் கூட்டிப் போனார். எல்லாரும் பின்னால் போனோம். இடித்த சமையலறையின் மிச்சச் சுவரை ஒட்டிக் கல் நின்றது.

"கல்லுக்கு அந்தப் பக்கம் ஏரி. இந்தப் பக்கம் வீடு. கணக்குப் போட்டது இதோ நிக்கிறாளே, என் தங்கச்சி கோமு" என்றார் அண்ணன். கல்லின் தலையில் கையை வைத்தார்.

"கூடப் பொறந்தவன் அடுப்பையே விடலைங்க இவ. மிச்ச வீட்டப் பொய்யாவா விட்டு வெச்சிருப்பா?"